விழும் பல் என்று விடலாமா?

மகளிர் பல்லை முத்து என்றும், முல்லையரும்பு என்றும், மயிற்பீலியின் அடியிலுள்ள முருந்து என்றும் பாடிய புலவர் தமிழ்நாட்டில் எண்ணிறந்தோர். ஆயின், குழந்தையின் கடைவாயிற் கறுத்துக் குழிந்து கிடக்கும் சொத்தைப் பல்லைப் பாடினார் ஒருவரையும் நாம் கண்டிலேம். அது பாடுதற்குரிய பொருளன்று; ஆராய்தற்குரிய பொருள். தமிழ் பயிலும் மாணவர்க்குப் பல்லாராய்ச்சியோடு என்ன உறவு என்று நகைப்பார் உளராயின், நகைத்தற்கும் பல் வேண்டும் என்பதே நம் விடையாகும். அன்றியும், எழுத்துப் பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் ஒன்றாக எண்ணியவர் தொல்காப்பியர். மேற்பல்லும் கீழிதழும் கூடாவிடின் வகரம் செவ்வனே பிறவாது. முன்பல் இழந்த குழந்தையின் மழலையைக் கேட்டார்க்கு இவ்வுண்மை இலக்கணம் கல்லாமலே விளங்கும்.

பாற்பல் விழுந்தால் அதனைச் சாணத்திற் பொதிந்து கூரைமேல் எறிதல் நம் நாட்டுச் சிறாரின் வழக்கம். எறியப்படும் பொருளுக்கு மதிப்பு ஏது? ஆகவே, பிள்ளையின் பல் சொத்தையாயிற்று என்று யாரேனும் சொன்னால், “விழப்போகிற பல்தானே, புதுப் பல் முளைத்தால் சரியாகிவிடும்” என்று கூறிப் பெற்றோர் அமைதியுறுகின்றனர். உசிலம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் மட்டுமன்று, மதுரை நகரத்துக் கற்றறிந்தோர் இல்லங்களிலும் இச்சொல்லைக் கேட்கலாம். இச்சொல் பிழைபட்டது என்பதையும், பாற்பல்லைக் காத்தற்கு எளிய வழிகள் பல உள என்பதை உலகத்து ஆராய்ச்சியாளர் ஐயமற நிறுவியிருக்கின்றனர் என்பதையும், அவ்வழிகளை உசிலம்பட்டி போன்ற ஊரில் எவ்வாறு கைக்கொள்வது என்பதையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் இன்னது என்று துணிந்து, அதன் காரணத்தைத் தேடி, அது தணியும் வாயிலை அறிந்து, பின்னரே மருந்து செய்க என்பது வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வகுத்த முறை. நாமும் அம்முறையே செல்வோம்.

நோய்

குழந்தைக்குப் பாற்பற்கள் 20. ஏறத்தாழ ஆறாம் திங்களில் முதற்பல் முளைக்கும். மூன்றாம் அகவை நிரம்புமுன் இருபதும் முளைத்துவிடும். ஆறாம் அகவையளவில் முன்பற்கள் விழத்தொடங்கும். ஆயின், பாற்கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு அகவை வரையில் வாயில் நின்று உணவை மெல்லுதற்கு உதவவேண்டியவை. மூன்றாம் அகவையிற் சொத்தையான கடைவாய்ப்பல் எட்டாண்டுக் காலம் அக்குழந்தையின் வாயில் இருக்கவேண்டியது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

பல்லின் மேலே போர்த்துள்ள கடினமான பகுதியை எனாமல் என்பர். உடம்பில் அதனினும் கடினமான பொருள் பிறிதில்லை. எனினும், பாற்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதிப் பருமனே உடையது. ஆதலின் சொத்தை அதனை விரைவில் துளைத்து உள்ளிருக்கும் பற்கூழை எட்டிவிடும். பற்கூழில் நரம்பும் குருதிக்குழாயும் உண்டு. அங்கு நோய் புகுந்தால் வலி பிறக்கும், ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும், குழந்தை உண்ணாது, உறங்காது, பள்ளியிற் சென்றமர்ந்தாலும் பாடம் மனத்திற் பதியாது. பாற்பல்லின் வேருக்கு அடியிலேயே நிலைப்பல்லின் கரு வளர்கின்றது. மேலே பிடித்த சீழ் கீழே வளரும் பல்லையும் ஊறுபடுத்தக்கூடும். வலி தாளாது கடைவாய்ப் பாற்பல்லை உரிய காலத்துக்கு முன்னரே பிடுங்கிவிட்டாலோ, அண்டைப் பற்கள் அவ்விடத்திற் சாய்ந்துவிடும். பின்னர் வரும் பல் இடமின்றிக் கோணி முளைக்கும். விழப்போகும் பல் தான் விழுமளவும் வரப்போகும் பல்லுக்கு இடங்காத்து நிற்கின்றது என்பது இதனால் தெற்றென விளங்கும்.

இந்நோய் அரிதன்று. இந்தியப் பல்மருத்துவக் கழகத்தார் 2002-03 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பில், ஐந்து அகவைக் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேருக்கும், பன்னிரண்டு அகவைச் சிறாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேருக்கும் சொத்தை கண்டனர். ஒரு வகுப்பிற் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஊரே திரளும். பாதிப் பிள்ளைகளுக்குச் சொத்தை என்றால் ஒருவரும் திரும்பிப் பாரார்.

நோய்முதல்

சொத்தைப் பல்லிற் புழு இருக்கின்றது என்பது நம் மக்களின் பழைய நம்பிக்கை. கண்டங்கத்தரி விதையை அனலில் இட்டு, அதன் புகையை வாயில் ஏற்றிப் புழுவை வீழ்த்துவதாகக் கூறுவாரும் உண்டு. இந்நம்பிக்கை தமிழ்நாட்டுக்கே உரியதன்று. பாபிலோனியர் காலந்தொட்டுப் பல நாடுகளில் வழங்கியது. பிரெஞ்சு நாட்டுப் பல்மருத்துவர் பியர் போஷார் 1728-இல் வெளியிட்ட தம் நூலில், உருப்பெருக்கி கொண்டு நோக்கியும் தாம் அப்புழுவைக் காணவில்லை என்று உரைத்தார்.

புழு இல்லையெனினும் உயிர் உண்டு. அமெரிக்கராகிய வில்லோபி மில்லர் பெர்லின் நகரிலிருந்து ஆராய்ந்து 1890-இல் ஓர் உண்மையை நிறுவினார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் மாவையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது என்பது அது. அந்நுண்ணுயிர்களுள் தலையாய ஒன்றை 1924-இல் இலண்டனில் கிளார்க் என்பார் கண்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். பின்னர், 1940-களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரை வாயிற் பட்ட சில நிமிடங்களிலேயே பல்மேற் படிந்த அழுக்கில் அமிலம் மிகுந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே அது தணிகின்றது என்று அளந்து காட்டினார்.

இவ்வளவீட்டின் பொருளை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அமிலம் கரைத்த சுண்ணத்தை உமிழ்நீர் மீண்டும் பல்லிற் கொண்டு சேர்க்கும் இயல்புடையது. கரைதலும் சேர்தலும் நாள்தோறும் வாயில் நிகழும் வரவு செலவு. ஒரு நாளில் மூன்று வேளை உண்டால், உமிழ்நீர் தன் பணியைச் செய்ய இடைக்காலம் உண்டு. காலையில் இனிப்புத் தேநீரில் நனைத்த பிஸ்கட்டு, பள்ளி வாயிலிற் கடலை மிட்டாய், மாலையிற் பால்பன், இரவில் சர்க்கரை கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே உறக்கம் என்று இடையறாது இனிப்புப் பட்டால், செலவே மிகும், வரவுக்கு இடமில்லை. பல் என்னும் முதல் கரைந்துபோம்.

இதனை மனிதரிடத்தே மெய்ப்பித்த ஆராய்ச்சி சுவீடன் நாட்டில் லுண்டு நகரிலுள்ள வீப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945-இல் தொடங்கியது. அங்கிருந்த 436 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு உணவோடு மட்டும் சர்க்கரையும், சிலருக்கு உணவுகளின் இடையே பல்லில் ஒட்டும் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தனர். 1954-இல் வெளிவந்த முடிவு யாதெனின், உணவோடு உண்ட சர்க்கரையாற் சொத்தை சிறிதே மிகுந்தது. இடைவேளைகளில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்க்கோ மிகப் பெருகியது. மிட்டாயை நிறுத்தியபின் புதுச் சொத்தை குறைந்தது என்பதே. எவ்வளவு தின்றோம் என்பதினும் எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிது என உலகம் கற்றது இதனால்தான்.

ஆயினும், இவ்வுண்மையைப் பெற்ற விதத்தை நினைக்கும்போது நம் உள்ளம் நோகின்றது. அம்மருத்துவமனையில் இருந்தோர் அறிவு வளர்ச்சி குன்றியோர். தம்மிடம் நடப்பது இன்னதென்று அறிந்து உடன்படும் ஆற்றல் அற்றோர். அவர் பல்லைக் கெடுத்து நாம் பாடம் கற்றோம். இன்று குழந்தைகளிடம் செய்யும் எவ்வாராய்ச்சிக்கும் பெற்றோரின் உடன்பாடும் அறநெறிக் குழுவின் இசைவும் வேண்டும் என்று விதித்திருப்பது இத்தகைய பிழைகள் மீண்டும் நேராமைப் பொருட்டே. அவ்வெளியோர் தந்த பாடத்தைக் கற்றும் கைக்கொள்ளாது விடுதல் இரண்டாவது பிழையாகும். சுவீடன் மக்கள் அதனை வீணாக்கவில்லை. குழந்தைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமையன்று மட்டும், மிட்டாய் என்னும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியது. இனிப்பை அறவே மறுத்தல் குழந்தைகளிடம் செல்லாது. நாள் குறித்துக் கொடுத்தல் செல்லும்.

நீரும் பல்லும்

இனி, நோய் தணிக்கும் வாயில்களுள் முதலாவது வைக்கத்தக்கது புளோரைடு என்னும் உப்பு. அதன் வரலாறு வியப்புடையது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற மக்கே என்னும் பல்மருத்துவர், அவ்வூரார் பல்லிற் பழுப்புக் கறை கண்டு அதன் காரணத்தைத் தேடலானார். கறைபட்ட அப்பற்களிற் சொத்தை குறைவாயிருந்தது அவருக்கு வியப்பளித்தது. 1931-இல் சர்ச்சில் என்னும் வேதியியலார், அவ்வகை ஊர்களின் குடிநீரிற் புளோரைடு மிக்கிருப்பதே காரணம் என்று கண்டார். அதன்பின் டிரெண்ட்லி டீன் என்பார் 21 நகரங்களில் 7,257 சிறாரின் பற்களை ஆராய்ந்து, லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் புளோரைடு இருப்பின் கறை பெரிதும் தோன்றாமலே சொத்தை குறைகின்றது என்று 1942-இல் எழுதினார்.

நோக்கி அறிந்ததைச் செய்து அறிதல் அடுத்த படி. 1945 ஜனவரி 25 அன்று கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக் குடிநீரில் அவ்வளவு புளோரைடு கலக்கப்பட்டது. ஒப்பிடுதற்கு மஸ்கீகன் என்னும் அண்டை நகரம் கலவாமல் விடப்பட்டது. பதினோராண்டு கழிந்தபின் நோக்க, அத்திட்டம் தொடங்கியபின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் குறைந்திருந்தது. புளோரைடு கலந்த பற்பசை எங்கும் பரவிவிட்ட இக்காலத்தில், நீரிற் கலத்தலால் வரும் கூடுதற் பயன் முன்னையினும் சிறிது என்று 2024-இல் வெளிவந்த காக்ரேன் மறு ஆய்வு கூறுகின்றது.

அமெரிக்கர் புளோரைடைக் கலந்த அக்காலத்துக்கு முன்பே, நம் சென்னை மாகாணத்தில் அதன் மறுபக்கம் வெளிப்பட்டிருந்தது. கிண்டி கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி என்னும் மூவர், அக்காலத்து இம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், கிணற்று நீரில் மிகுந்த புளோரைடால் மக்களின் பல் கறைபட்டதோடு எலும்பும் இறுகி முதுகு வளையாமற் போனதை 1937-இல் எழுதி வெளியிட்டனர். ஒரே பொருள் அளவோடு நின்றால் பல்லைக் காக்கும். அளவு கடந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். மிகினும் குறையினும் நோய் என்னும் நம் முன்னோர் கொள்கைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

இச்செய்தி உசிலம்பட்டிக்கு மிக அண்மையது. வையைக்கு வடக்கே, 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்து பின் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த நிலக்கோட்டை ஒன்றியத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2009-இல் வெளிவந்தது. அவ்வொன்றியத்துச் சிற்றூர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 ஊர்களின் குடிநீரிற் புளோரைடு வரம்புக்கு மேற்பட்டிருந்தது. கருங்கற் பாறை நிலத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையோடு நெடுங்காலம் பொருந்தி நிற்பதால் அதிலுள்ள புளோரைடைக் கரைத்துக் கொள்கின்றது. வையைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து தேனி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த உசிலம்பட்டியும் மானாவாரி நிலமே. வையை அணை நிரம்பும் காலத்திலேயே 58 கிராமக் கால்வாயில் நீர் வரும்; ஏனைய காலத்துச் சிற்றூரார் மண்ணைத் துளைத்தே நீர் பெறவேண்டும். புளோரைடின் அளவு ஊருக்கு ஊர் மட்டுமன்றிக் கிணற்றுக்குக் கிணறும் வேறுபடும். கண்ணாற் கண்டும் நாவாற் சுவைத்தும் அதனை அறிய இயலாது. அளந்தே அறிதல் வேண்டும்.

இந்தியத் தர நிறுவனம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்புடையது என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. வெயில் மிக்க நாட்டில் குழந்தைகள் மிகுதியாக நீர் பருகுவர். ஆதலின் அங்கு நீரிற் புளோரைடு குறைவாயிருத்தல் வேண்டும் என்று 1957-இல் காலகன், வெர்மிலியன் என்னும் இருவர் கணித்தனர். நம் மதுரை வெயிலில் ஓடி விளையாடும் பிள்ளை ஒரு நாளிற் குடிக்கும் நீரை எண்ணினால் இக்கணிப்பின் நேர்மை புலப்படும். அளவு மிக்க கிணற்றை விட்டு ஆற்று நீரையோ, வீட்டுக் கூரையிற் சேர்த்த மழைநீரையோ குடிக்கவும் சமைக்கவும் கொள்ளுதல் தக்கது. மழைநீரிற் புளோரைடு மிக அரிது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றதும் இந்நோய் தணிக்கும் பொருட்டே.

காத்தல்

நீரிற் புளோரைடு மிக்க ஊரிற் புளோரைடுப் பற்பசை கொள்ளலாமோ என்னும் ஐயம் இங்கு எழும். விடை இது: பல் உருவாகும் பருவத்தில் விழுங்கப்பட்டு உடம்பிற் சேரும் புளோரைடே கறையை உண்டாக்குவது, முளைத்த பல்லின் மேற்பரப்பில் தங்கி, உமிழ்நீரின் சுண்ணத்தைப் பல்லோடு சேர்க்கும் புளோரைடே சொத்தையைத் தடுப்பது. ஆகவே மிகச் சிறிதளவு இட்டுத் தேய்த்து, விழுங்காது துப்புதலே நெறி. மூன்று அகவைக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு அகவை வரையிலுள்ளார்க்கு ஒரு பட்டாணியளவும் போதும். தேய்ப்பவர் தாயாகவோ தந்தையாகவோ இருத்தல் வேண்டும். இரவு உறங்கப் போகுமுன் தேய்த்தல் இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரத்தல் குறைவாதலின் பல் காவலற்று நிற்கும்.

பற்பசையின் பயன் வெறும் விளம்பரச் சொல்லன்று. 42,000-க்கு மேற்பட்ட சிறாரிடம் நடந்த 70 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழுவினர், புளோரைடுப் பற்பசையால் நிலைப்பற்களிற் சொத்தை நூற்றுக்கு 24 பங்கு குறைகின்றது என்று 2003-இல் அறிவித்தனர். பல்மருத்துவர் ஆண்டில் இருமுறை தூரிகையாற் பூசும் புளோரைடு வார்னிஷ் என்னும் பூச்சு, பாற்பல்லிற் சொத்தையை நூற்றுக்கு 37 பங்கும், நிலைப்பல்லில் 43 பங்கும் குறைப்பதாக 2013-இல் வெளிவந்த தொகுப்பு காட்டுகின்றது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்று நம் பாட்டிமார் கூறுவதை நாம் இகழவில்லை. குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கிப் பொறுமையோடு தேய்த்தால் பல்மேற் படிந்த அழுக்கு நீங்கும். ஆயினும், இனிப்பு மிகாத அக்காலத்துக்குப் போதியது, பிஸ்கட்டும் மிட்டாயும் மலிந்த இக்காலத்துக்குப் போதாது. செங்கற்பொடியும் உமிக்கரியும் கொண்டு தேய்த்தலோ எனாமலைத் தேய்த்தே போக்கும். அதனைக் குழந்தைகளுக்குக் கொள்ளலாகாது.

தீர்த்தல்

காவாது விட்டுச் சொத்தை வந்தபின் செய்வது யாது? பல்மருத்துவமனை என்றதும் குழந்தையின் மனத்தில் தோன்றுவன சுழலும் துளைப்பானின் ஓசையும் ஊசியுமே. மின்னாற்றலும் நாற்காலியும் இல்லாத சிற்றூர்களுக்கென 1980-களின் நடுவில் தான்சானியாவிற் பிரெங்கன் என்னும் டச்சு மருத்துவர் ஒரு முறையைத் தொடங்கினார். மெத்தென்றாகிய சொத்தைப் பகுதியைக் கைக்கருவியால் மட்டும் சுரண்டி எடுத்து, கண்ணாடி அயனோமர் என்னும் ஒட்டும் சிமெண்டால் குழியை அடைப்பது அம்முறை. அச்சிமெண்டு தன்னிடமுள்ள புளோரைடைச் சிறிது சிறிதாகப் பல்லுக்கு ஈயும் தன்மையது.

இதனினும் எளிதாகிய ஒன்று ஜப்பானில் 1960-களிற் பிறந்தது. வெள்ளியும் புளோரைடும் கலந்த சில்வர் டயமின் புளோரைடு என்னும் மருந்துநீர் அது. வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும். புளோரைடு பல்லை இறுக்கும். இதன் திறத்தை ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் சீனத்தின் குவாங்சோ நகரில் 375 சிறு குழந்தைகளிடம் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். குழந்தைகளை ஐந்து குழுக்களாக்கி, சிலருக்கு ஆண்டுக்கொரு முறை இம்மருந்தும், சிலருக்கு மூன்று திங்களுக்கொரு முறை வார்னிஷும் பூசினர். ஒரு குழுவினர்க்கு நீர் மட்டும் பூசினர். ஒப்பிடுதற்கு இத்தகைய குழு இல்லையேல், நோய் தானே நின்றதோ மருந்தால் நின்றதோ என்று எவர் சொல்லவல்லார்? முப்பது திங்கள் கழித்துப் பார்த்தபோது, சொத்தை மேலும் பரவாது நின்றுபோன பற்பரப்புகள், குழந்தை ஒன்றுக்குச் சராசரியாக இம்மருந்து பூசியவரிடம் 2.5-உம் 2.8-உம் ஆகவும், வார்னிஷ் பூசியவரிடம் 1.5 ஆகவும், நீர் மட்டும் பூசியவரிடம் 1.3 ஆகவும் இருந்தன. சொத்தையை முன்னரே சுரண்டினும் சுரண்டாவிடினும் பயனில் பெரிய வேறுபாடில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் இம்மருந்தையும், புளோரைடுப் பற்பசையையும், கண்ணாடி அயனோமர் சிமெண்டையும் இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

இம்மருந்துக்கு ஒரு குறையுண்டு. பூசிய சொத்தை நிலையாகக் கறுத்துவிடும். கறுப்பைக் கண்டு தாய்மார் அஞ்சுதல் இயல்பு. முன்னரே சொல்லி உடன்பாடு பெறுதல் மருத்துவர் கடன். கடைவாயிற் கறுத்தாலும் வலியின்றி நிற்கும் பல், வெளுத்தாலும் வலித்து வீங்கும் பல்லினும் மேலானது அன்றோ?

மூன்றாவது முறை ஸ்காத்லாந்தில் நோர்னா ஹால் என்னும் பல்மருத்துவ அம்மையார் கையாண்டது. சொத்தைப்பட்ட கடைவாய்ப் பாற்பல்லைத் துளையாமல், ஊசியும் போடாமல், எஃகினாலாகிய தொப்பியொன்றைச் சிமெண்டு தடவி அதன்மேற் பொருத்திவிடுவர். உணவும் காற்றும் புகாத சிறையிலே நுண்ணுயிர் மெலிந்துபோம். 132 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சியில், இரண்டாண்டில், வழக்கமான அடைப்பு வைத்த பற்களுள் நூற்றுக்கு 15-இல் வலியோ சீழோ முதலிய பெருங்கேடு நேர்ந்தது. தொப்பியிட்ட பற்களுள் நூற்றுக்கு 2-இல் மட்டுமே நேர்ந்தது. இம்முடிவு 2007-இல் வெளிவந்தது.

இவற்றையெல்லாம் கேட்டு, சொத்தை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கருதுவாராயின், பிரிட்டனில் 1,144 குழந்தைகளிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி அவரை எச்சரிக்கின்றது. முன்னரே சொத்தை கொண்ட அக்குழந்தைகளுக்கு மூவகை மருத்துவம் செய்து ஏறத்தாழ மூன்றாண்டு நோக்கினர். எவ்வகை செய்தும், நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வலியோ சீழோ கண்டது. மூவகைக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. சொத்தை தோன்றியபின் செய்யும் மருத்துவத்தினும், தோன்றுமுன் காத்தலே தலையாயது என்னும் உண்மையை இதனினும் தெளிவாக எவர் சொல்லவல்லார்?

நம் கடன்

காத்தல் எங்குத் தொடங்கவேண்டும்? பள்ளியில் என்று ஸ்காத்லாந்து விடையளிக்கின்றது. அந்நாட்டில் சைல்டுஸ்மைல் என்னும் திட்டத்தில் மழலைப் பள்ளிகளிலேயே ஆசிரியர் மேற்பார்வையில் நாள்தோறும் குழந்தைகள் புளோரைடுப் பற்பசையாற் பல் துலக்குகின்றனர். முதல் வகுப்புச் சிறாருள் கண்ணுக்குத் தெரியும் சொத்தை அற்றவர் 2003-இல் நூற்றுக்கு 45 பேர். 2020-இல் ஏறத்தாழ 74 பேர்.

இது நமக்கு இயலாததோ? குழந்தைகளைப் பள்ளியிற் கூட்டி உணவளிக்கும் கலையை இந்தியாவுக்குக் கற்பித்தது தமிழ்நாடு. 1956-இல் எட்டயபுரத்திற் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையிலேயே தொடங்கப்பெற்ற காலை உணவும் அதற்குச் சான்று. உண்ட குழந்தைகள் தட்டைக் கழுவும் அதே குழாயடியில், இரண்டு நிமிடம் பல்லையும் துலக்கச் செய்தல் பெருஞ்செலவன்று. ஒரு தூரிகையும் பட்டாணியளவு பசையும் அருகே நிற்கும் ஓர் ஆசிரியருமே வேண்டுவன. பிறப்பு முதல் 18 அகவை வரை பிள்ளைகளைப் பார்வையிட 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்திற் பல்நோயும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. பள்ளிக்கு வரும் அக்குழுவினரிடம் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.

நாட்டு நலப்பணிக்கென ஊர்களுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாலை செப்பனிடுதலோடு, ஊர்ப் பள்ளிக் கிணற்று நீரைக் குப்பியில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற் புளோரைடு அளக்கச் செய்து, அவ்வெண்ணைப் பள்ளிச் சுவரில் யாவரும் காண எழுதிவைக்கலாம். ஆறாம் அகவையிற் பாற்பற்களுக்குப் பின்னே அரவமின்றி முளைக்கும் கடைவாய்ப்பல் பாற்பல் அன்று, வாழ்நாள் முழுதும் நிற்கவேண்டிய நிலைப்பல் என்பதைத் தாய்மார்க்கு எடுத்துரைக்கலாம். பலர் அதனையும் பாற்பல் என மயங்கி இழந்துவிடுகின்றனர்.

பிதாக்கள் புளிப்பான திராட்சக்காயைத் தின்னப் பிள்ளைகளின் பல் கூசிற்று என்று பண்டை இஸ்ரவேலில் ஒரு பழமொழி வழங்கியதாகவும், இனி அது அந்நாட்டில் வழங்கலாகாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டித்ததாகவும் திருமறையிற் படிக்கின்றோம். அவர் கூறியது பாவத்தின் பயனைப் பற்றி. ஆயினும், பல்லைப் பொறுத்தமட்டில் அப்பழமொழி இன்னும் நம்மிடை வழங்குகின்றது. மூத்தோர் வாங்கிக் கொடுக்கும் மிட்டாயும், மூத்தோர் அளவாது இறைக்கும் நீரும், மூத்தோர் சொல்லும் “விழும் பல்தானே” என்னும் சொல்லும் பிள்ளைகளின் பல்லையே கூசச் செய்கின்றன. தன் நீரைத் தேர்ந்துகொள்ளவும் தன் தூரிகையை வாங்கிக்கொள்ளவும் மூன்று அகவைக் குழந்தையால் இயலாது. இயன்றவர் நாமே, ஆகவே கடனும் நம்மதே.